கிழவர்கள் சொன்ன ஆட்டம்

கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்தில் கூட்டம் மொய்ப்பது பேப் ரூத்தின் சாமான்களைச் சுற்றித்தான். எனக்கு அங்கே பிடித்தது ஒரு கந்தல் பந்து. தோல் கிழிந்து, தையல் பிரிந்து, உள்ளே அடைத்த துணி பிதுங்கித் தெரிகிறது. 1930களில் பக்கத்துக் கிராமமான ஃப்ளை கிரீக்கில், ஒரு பண்ணை வீட்டுப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் அது அகப்பட்டது. உள்ளூர்ப் பெருந்தனக்காரர் ஸ்டீஃபன் கிளார்க் ஐந்து டாலர் கொடுத்து அதை வாங்கினார். 1939 ஜூன் 12 அன்று திறக்கப்பட்ட இந்த மண்டபம் முழுவதும் அந்த ஐந்து டாலரைத் தொட்டு வளர்ந்ததுதான். கிளார்க் வீட்டுச் செல்வம் சிங்கர் தையல் மிஷினில் வந்தது. நம் வீடுகளில் பாட்டிமார் மிதித்துக்கொண்டிருந்த அதே சிங்கர்.

பந்து பழையதுதான், சந்தேகமில்லை. அதைச் சுற்றிக் கட்டிய கதைதான் பொய்.

விளையாட்டுச் சாமான் வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு, பேஸ்பால் இங்கிலாந்துச் சிறுவர்களின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் பற்றிக்கொண்டு வரும். அமெரிக்க ஆட்டம் அமெரிக்காவில்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1905இல் விசாரிக்க ஒரு குழு அமைந்தது. டென்வரில் வசித்த ஆப்னர் கிரேவ்ஸ் என்ற 71 வயதுச் சுரங்கப் பொறியாளர் எழுதிய கடிதம் அதன் கைக்கு வந்தது. கூப்பர்ஸ்டவுனில் தாம் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது ஆப்னர் டபுள்டே என்பவர் இந்த ஆட்டத்தை உருவாக்கியதைக் கண்ணால் பார்த்ததாக அதில் சொல்லியிருந்தார். 1907 கடைசியில் குழு அதை ஏற்று, 1839 என்று ஆண்டும் குறித்துவிட்டது. அந்த ஆண்டில் கிரேவ்ஸுக்கு வயது ஐந்து. டபுள்டே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். பிற்பாடு உள்நாட்டுப் போரில் தளபதியாகப் பேரெடுத்த அந்த மனிதர், 1893இல் சாகும்வரை தாம் ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்ததாக வாய் திறந்ததே இல்லை. அருங்காட்சியகமே இன்று இதையெல்லாம் மறைப்பதில்லை. பந்து மட்டும் அதன் இடத்தில் இருக்கிறது.

ஒரு கிழவரின் ஞாபகத்தை நம்பிக் கட்டிய ஊர் இது. நான் அங்கே போனதோ வேறு இருபத்திரண்டு கிழவர்களின் ஞாபகத்தைக் கையில் வைத்துக்கொண்டு. 1966இல் வெளியான ‘தி க்ளோரி ஆஃப் தேர் டைம்ஸ்’ என்ற நூல். தொகுத்தவர் லாரன்ஸ் ரிட்டர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். 1961 ஜூலையில் பழம்பெரும் ஆட்டக்காரர் டை காப் இறந்தார். அதே காலத்தில் ரிட்டரின் தகப்பனாரும் போய்ச் சேர்ந்தார். அப்பாவோடு சேர்ந்து பேர் கேட்ட ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்களே, இருக்கிறவர்களிடமாவது கேட்டு வைப்போம் என்று கிளம்பிவிட்டார். கனத்த ரீல் டேப் ரிக்கார்டரைக் காரில் போட்டுக்கொண்டு, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக அவர் அலைந்தது 75,000 மைல். நம் கணக்கில் 1,20,000 கிலோமீட்டர். 1900க்கு முன்னும் பின்னுமாக ஆடத் தொடங்கி, எழுபதும் எண்பதும் தாண்டி, பலர் கண்ணிலிருந்தும் மறைந்துபோயிருந்த மனிதர்களின் வாசலில் போய் நின்றார்.

சாம் கிராஃபோர்டைக் கண்டுபிடித்த கதையை அவரே முன்னுரையில் சொல்கிறார். மும்முனை ஓட்டம் என்று சொல்லத்தக்க ‘டிரிபிள்’ அடிகள் 309 அடித்தவர் கிராஃபோர்ட். இன்றுவரை அதை யாரும் எட்டவில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே இத்தனை மைலுக்குள் எங்கோ இருக்கிறார் என்பது ஒன்றே துப்பு. பேவுட் பார்க் என்ற சிற்றூர்வரை போய்விட்டார் ரிட்டர். அங்கே தபால் நிலையம், கடை என்று விசாரித்தும் யாருக்கும் அப்படியொரு ஆட்டக்காரரைத் தெரியவில்லை. அழுக்குத் துணியைத் துவைக்க லாண்டரிக்குப் போனவர், மிஷின் சுற்றி முடியும்வரை சும்மா இருப்பானேன் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெட்டைக் கிழவரிடம் பேச்சுக் கொடுத்தார். சாம் கிராஃபோர்டைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாமல் என்ன, நான்தானே அது என்றாராம் கிழவர்.

கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தில் வெண்கலத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. கிராஃபோர்டின் தகட்டில் ‘வாஹூ சாம்’ என்றும் பொறித்திருக்கிறது. வாஹூ என்பது நெப்ராஸ்காவில் அவர் பிறந்த ஊர். அந்தப் பெயர் இருந்தே தீர வேண்டும் என்று 1957இல் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். வாஹூவில் முடிதிருத்தும் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன் அவர். உள்ளூர்ப் பையன்களோடு மரவண்டியில் ஏறி, குதிரை பூட்டி, ஊர் ஊராகப் போய் ஆடி, தொப்பியை நீட்டிக் காசு வாங்கி, அதில் சாப்பிட்டு, அடுத்த ஊருக்குப் போவார்கள். நம்மூர்க் கூத்து ஜமாக்கள் போலத்தான். ரிட்டரின் டேப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகள் பின்னாளில் ஒலிவடிவிலும் வெளியாயின. அச்சில் படித்தபோது சீராக ஓடிய பேச்சு, காதில் கேட்கும்போது மூச்சு வாங்கி, தயங்கி, சிரித்து, விட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறது. தம் கேள்விகளை நீக்கி, பேச்சை வரிசைப்படுத்தி ரிட்டர் எவ்வளவு வேலை செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கியது.

கூப்பர்ஸ்டவுனை ஒட்டிய ஆட்ஸிகோ ஏரியின் தென்கோடியிலிருந்துதான் சஸ்குவஹானா ஆறு புறப்படுகிறது. பிறக்கும் இடத்தில் அது ஓர் ஓடை. தாண்டிக் குதித்துவிடலாம் என்று தோன்றும். அந்த ஆற்றின் போக்கிலேயே பென்சில்வேனியாவுக்குள் இறங்கி, ரிட்டரின் நூலில் பேசும் பந்து வீச்சாளர் ஸ்டான் கோவலெஸ்கி வளர்ந்த ஷமோகின் என்ற நிலக்கரி ஊர்வரை போவது எங்கள் திட்டம். கார் ஓட்டியவர் நியூ ஜெர்ஸியில் இருக்கும் நண்பர். கிரிக்கெட் பைத்தியம். பேஸ்பால் என்றால் கொட்டாவி விடுவார். அக்டோபர் மாதம், இருபக்கமும் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. பிங்கம்டன்வரை ஆறு கூடவே வந்தது. பிறகு அது தன் வழியில் வளைந்துபோக, நாங்கள் நெடுஞ்சாலையில் ஸ்கிராண்டனுக்கு இறங்கினோம்.

ஸ்கிராண்டனில் பழைய சுரங்கம் ஒன்றைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். இரும்புப் பெட்டியில் உட்கார வைத்து, கம்பிவடத்தில் கட்டிக் கீழே இறக்குகிறார்கள். மேலே வெயில், கீழே ஸ்வெட்டர் போட்டும் குளிர். வழிகாட்டி ஒரு நிமிடம் விளக்கை அணைத்தார். என் கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. நண்பர் “சரி, போதும், போடச் சொல்லுங்க” என்றார்.

பக்கத்திலிருக்கும் ஆந்த்ரசைட் அருங்காட்சியகத்தில்தான் நான் தேடிவந்த விஷயம் இருந்தது. தோண்டியெடுத்த நிலக்கரியை ‘பிரேக்கர்’ என்ற பல மாடிக் கொட்டகையின் உச்சிக்கு ஏற்றி, உடைத்து, சரிவுகளில் கொட்டுவார்கள். சரிவுக்குக் குறுக்கே பலகைகளில் வரிசையாகச் சிறுவர்கள் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். காலுக்கிடையில் ஓடும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிவது அவர்கள் வேலை. கையுறைக்கு அனுமதி இல்லை. விரல் உணர்ச்சி மங்கிவிடுமாம். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு விரல்நுனிகள் வீங்கி, வெடித்து, ரத்தம் கசியும். 1911 ஜனவரியில் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன், இதே வட்டாரத்தில் தெற்குப் பிட்ஸ்டனில் எடுத்த படம் உலகத்துக்கே தெரியும். கரி அப்பிய முகங்கள், வெள்ளை வெளேரென்று கண்கள்.

ஷமோகினில் ஸ்டான் கோவலெஸ்கி அந்த வேலைக்குப் போனபோது வயது 12. போலந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வாரத்துக்கு 72 மணி நேரம். சம்பளம் 3 டாலர் 75 சென்ட். விடியுமுன் போய் இருட்டிய பின் திரும்புவதால், ஞாயிற்றுக்கிழமை தவிரச் சூரியனையே பார்த்ததில்லை என்று ரிட்டரிடம் சொல்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தகர டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டுக் கல்லால் அடித்துப் பழகுவார். பொழுதுபோக வேறு வழி கிடையாது. அந்தக் குறிதான் 1909இல் அவரை லங்காஸ்டர் அணிக்குக் கொண்டுபோனது. அதற்குமுன் அவர் முறையான ஆட்டம் ஆடியதே சொற்பம்.

இதை எந்த ஸ்கோர் புத்தகத்திலும் காண முடியாது. கோவலெஸ்கி 1920 உலகத் தொடரில் மூன்று ஆட்டங்களை வென்றார், 27 இன்னிங்ஸில் விட்டுக்கொடுத்தது இரண்டே ஓட்டம் என்பது ஏட்டில் இருக்கிறது. அதே ஆண்டு மே மாதம் அவர் மனைவி இறந்ததும், ஆகஸ்ட் 16 அன்று அவர் பந்து வீசிக்கொண்டிருந்த ஆட்டத்தில்தான் சக வீரர் ரே சாப்மன் எதிரணிப் பந்து தலையில் பட்டு, மறுநாள் செத்துப்போனதும்கூட ஏட்டில் இருக்கிறது. ஆனால் படிகாரத்தை வாயில் போட்டுக் கோந்து பதம் வரும்வரை ஊறவைத்து, அந்த எச்சிலைப் பந்தில் தடவி வீசுவார் என்பதைச் சொல்ல ஆள் வேண்டும். எச்சில் பந்து 1920இல் தடை செய்யப்பட்டபோது, அதையே நம்பிப் பிழைத்த 17 பேருக்கு மட்டும் ஓய்வு பெறும்வரை விலக்களித்தார்கள். அவர்களில் கோவலெஸ்கியும் ஒருவர். உச்சத்தில் இருந்தபோதும் நிம்மதி கிடையாது, நம் இடத்துக்குப் பின்னால் எப்போதும் ஒருவன் காத்துக்கொண்டிருப்பான் என்கிறார். அது சுரங்கத்தைப் பார்த்தவன் பேச்சு. கரிச் சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் அன்று நிறையப் பேர். பிட்ஸ்டன் பக்கத்து ஹியூயி ஜென்னிங்ஸ், பிட்ஸ்பர்க் அருகே ஹோனஸ் வாக்னர் என்று பட்டியல் போகும்.

இந்த வேலையின் கசப்பு தெரிந்தால்தான் அந்த ஆட்டத்தின் கூலியும் புரியும். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. கையெழுத்துப் போட்டவன் வாழ்நாள் முழுவதும் அந்த அணி முதலாளிக்குச் சொந்தம், முதலாளியாக விற்றாலொழிய. 1975 கடைசியில்தான் அது உடைந்தது. ஆட்டக்காரன் என்றால் குடிகாரன், காலி என்று பெயர் வேறு. ரிட்டரின் நூலில் பேசும் டேவி ஜோன்ஸ் இந்தத் தொழிலுக்குப் போனதும் அவர் காதலித்த பெண்ணின் வீட்டார் பார்க்கவே கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

லூயிஸ்பர்க்கை வந்தடைந்தபோது மதியம் கடந்துவிட்டது. பக்னெல் பல்கலைக்கழகத்தை ஒட்டிய இடுகாட்டில் கிறிஸ்டி மேத்யூசனின் கல்லறை இருக்கிறது. அந்தக் காலத்தின் மாபெரும் பிட்சர். முதல் உலகப்போரின்போது பிரான்ஸில் விஷவாயுவைச் சுவாசித்து, நுரையீரல் கெட்டு, காசநோயில் 1925இல், 45 வயதில் இறந்தார். யாரோ வைத்துவிட்டுப் போன பேஸ்பால்கள் கல்லின் அடியில் மழையில் ஊறிப் பருத்துக் கிடந்தன.

1912 அக்டோபர் 16, பாஸ்டன் ஃபென்வே பார்க், உலகத் தொடரின் கடைசி ஆட்டம். பந்து வீசியது மேத்யூசன். பத்தாவது இன்னிங்ஸில் நியூயார்க் 2-1 என முன்னிலை. பாஸ்டனின் கிளைட் எங்கிள் அடித்த பந்து உயரே எழும்பி, நேரே ஃப்ரெட் ஸ்னாட்கிராஸ் நின்ற இடத்துக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகூடப் பிடிக்கும் கேட்ச். விட்டுவிட்டார். முடிவில் பாஸ்டன் 3-2 என்று ஜெயித்தது. வென்ற அணிக்கும் தோற்ற அணிக்கும் கிடைத்த பணத்துக்கு இடையே இருந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, ‘முப்பதாயிரம் டாலர் கேட்ச்’ என்று பத்திரிகைகள் பேர் வைத்துவிட்டன.

“ஒரு கேட்ச் விட்டதுக்கா?” என்றார் நண்பர். அன்று முழுவதும் அவர் உண்மையான ஆர்வத்தோடு கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஆமாம், ஒரே ஒரு கேட்சுக்கு. ஸ்னாட்கிராஸ் பிற்பாடு வங்கித் தொழிலில் இருந்தார், பண்ணை வைத்தார், கலிஃபோர்னியாவில் ஆக்ஸ்னார்ட் நகர மேயராகவும் ஆனார். ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பந்தோடுதான் வாழ்ந்தேன் என்கிறார் ரிட்டரிடம். 1974இல் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் போட்ட செய்தியின் தலைப்பிலேயே அந்தக் கேட்ச்தான். அந்த மனிதர் அதற்கு அடுத்ததாகச் செய்ததை யாரும் தலைப்பில் போடவில்லை. அடுத்து வந்த ஹாரி ஹூப்பர் வெகுதூரத்துக்கு அடித்த பந்தை ஓடிப்போய்ப் பிடித்தவர் அதே ஸ்னாட்கிராஸ்தான். இதை நமக்குச் சொல்வது ஹூப்பரே. நான் அடித்ததை வேறொரு ஃபீல்டர் கிட்டவே நெருங்கியிருக்க முடியாது என்று எதிரணிக்காரர் வாயால் வாக்குமூலம். அந்தத் தொடரில் ஆடிய ஐந்து பேர் ரிட்டரின் நூலில் பேசுகிறார்கள்: ஸ்னாட்கிராஸ், ஹூப்பர், ஜோ வுட், சீஃப் மேயர்ஸ், ரூப் மார்க்கார்ட். பாஸ்டன் பக்கம் இருவர், நியூயார்க் பக்கம் மூவர். இறந்துபோன மேத்யூசனைப் பற்றி அவருடைய ஆட்கள் பேசும் இடங்களில் குரல் தணிந்துவிடுகிறது.

மார்க்கார்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1912இல் தொடர்ந்து 19 ஆட்டங்கள் வென்றவர். நூலின் முதல் அத்தியாயமே அவருடையது. அப்பா ஆட்சேபித்ததும், வீட்டை விட்டு ஓடிச் சரக்கு ரயில் ஏறி அயோவாவுக்குப் போனதும், வருஷக்கணக்கில் தகப்பனும் பிள்ளையும் பேசாதிருந்ததும், பின்பு ஒன்றுசேர்ந்ததும் என்று சினிமா போல விரியும். பின்னாளில் வரலாற்றாய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களோடு ஒட்டிப் பார்த்தபோது வயது, வருஷம், சம்பவம் என்று பலவும் உதைத்தது. கிழவர் சுவையாகச் சரக்கு சேர்த்திருந்தார். நூல் வெளியானபின் அதில் பேசியவர்களில் கூஸ் காஸ்லின், கோவலெஸ்கி, ஹூப்பர், மார்க்கார்ட் ஆகிய நால்வர் 1968க்கும் 1971க்கும் இடையில் கூப்பர்ஸ்டவுன் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். மார்க்கார்டின் வெண்கலத் தகட்டில் கொஞ்சம் அந்த ரயில் கதையின் புண்ணியமும் இருக்கும் என்பது என் ஊகம்.

அப்படியானால் கிரேவ்ஸுக்கும் மார்க்கார்டுக்கும் என்ன வித்தியாசம்? கிரேவ்ஸிடம் குழு எதிர்பார்த்தது ஒரே ஒரு பதில்; அது கிடைத்ததும் ஆராய்ச்சி முடிந்தது. ரிட்டருக்கு நிரூபிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஒருவருக்கு இருபத்திரண்டு பேரைப் பேசவிட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவும் இடம் வைத்தார். நூலுக்கு வந்த ராயல்டியையும் அந்த ஆட்டக்காரர்களோடு பங்கு போட்டுக்கொண்டார். வாய்மொழி வரலாறு சேகரிக்கிறவர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்?

சன்பரியிலிருந்து மலைப்பாதையில் ஷமோகினுக்குள் நுழையும்போது ஊருக்கு மேலே கரிய குன்று ஒன்று தெரிகிறது. இயற்கை மலை அல்ல. சுரங்கத்திலிருந்து பொறுக்கி எறிந்த கல்லும் கசடும் சேர்ந்த குவியல். அதன்மேல் பிர்ச் மரக்கன்றுகள் வேர் பிடித்திருக்கின்றன. கோவலெஸ்கியும் அவர் வயதுப் பையன்களும் எறிந்த கற்களும் இதுபோன்ற குவியல்களில்தான் போயிருக்கும். 1920இல் இருபதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் இன்று ஏழாயிரம் பேர் அளவில்தான். பிரதான வீதியில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. திறந்திருந்த ஓர் உணவகத்தில், உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்து வெண்ணெயில் புரட்டிய பியரோகி கிடைத்தது; போலந்துக்காரர்கள் விட்டுச்சென்ற சொத்து. பரிமாறிய அம்மாளிடம் கோவலெஸ்கியைத் தெரியுமா என்றேன். “எந்தக் கோவலெஸ்கி? ஹாரியா, ஸ்டானா?” என்று திருப்பிக் கேட்டார். அண்ணன் ஹாரியும் பெரிய பிட்சர்தான். 1908இல் ஐந்து நாளில் மூன்றுமுறை நியூயார்க் அணியை மண்ணைக் கவ்வ வைத்தவர். கடைசியில் இதே ஊரில் 1950இல் இறந்தார். தம்பி ஸ்டான் இண்டியானாவில் சவுத் பெண்ட் நகரில் குடியேறி, 1984இல் 94 வயதில் மறைந்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரை எதிர்த்து ஒருவர் பந்து வீசியதே இல்லை.

திரும்பும் வழியில் நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “இருபத்திரண்டு பேர்ல ஒரு கறுப்பர்கூட இல்லையே?” கிரிக்கெட்காரருக்கு அது உடனே பட்டிருக்கிறது. சீஃப் மேயர்ஸ் கவீயா பழங்குடியைச் சேர்ந்தவர். தம்மை அன்று அந்நியனாகவே பார்த்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவரைத் தவிர நூலில் எல்லோரும் வெள்ளையர். பெரிய லீகுகளில் 1947வரை கறுப்பருக்கு இடம் கிடையாது. ரிட்டர் தேடியது பெரிய லீக் ஆட்டக்காரர்களை. காரணம் புரிகிறது, குறை குறைதான். கறுப்பர் அணிகளின் தலைசிறந்த ஷார்ட்ஸ்டாப் ஜான் ஹென்றி லாய்ட், நியூயார்க்கிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில், அட்லாண்டிக் சிட்டியில் இருந்தார். துப்புரவுப் பணியாளராக வேலை பார்த்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டர் நாடெங்கும் அலைந்துகொண்டிருந்த 1964 மார்ச்சில் அவர் இறந்தார். கூப்பர்ஸ்டவுனில் அவருக்குத் தகடு வைத்தது 1977இல். கறுப்பு ஆட்டக்காரர்களின் வாய்மொழிகளை ஜான் ஹால்வே தொகுத்து நூலாக்கியது 1975இல்தான். ரிட்டரின் நூலை வாங்குகிறவர்கள், ஹால்வேயின் ‘வாய்சஸ் ஃப்ரம் த கிரேட் பிளாக் பேஸ்பால் லீக்ஸ்’ நூலையும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்றை மட்டும் படித்தால் பாதி மைதானம்தான் தெரியும்.